துரைசானி சொன்ன ‘பார்க்கலாம்’

அம்மாடி அஞ்சலை,

நீ கேட்ட காகிதம் என் கையில்தான் இருக்கிறது. நானும் உன் அப்பாவும் பாகூரில் பிரெஞ்சுக்காரன் மேரி ஆபீசுக்குப் போய் உன் பிறப்புப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்து பல நாளாயிற்று. உன்னிடம் சொல்லவில்லை. ‘மேரியில் கேட்டிருக்கிறோம், பார்க்கலாம்’ என்று ஒரு கார்டு போட்டுவிட்டு, பத்திரத்தை அரிசிப் பானைக்குள் செருகி வைத்துவிட்டேன். அடுத்த மாதம் கப்பல் என்று எழுதியிருக்கிறாய். பிரெஞ்சு எல்லையில் பிறந்தவள் என்பதால் இந்தப் பத்திரம் இல்லாமல் உனக்குப் பாஸ்போர்ட் ஆகாது, பாஸ்போர்ட் இல்லாமல் உன் சென்னைப்பட்டணத்துத் துரைசானி உன்னை லண்டனுக்கு அழைத்துப் போக முடியாது. அது தெரிந்துதான் ஒளித்தேன். கோபம் வருகிறதா? வரட்டும். கோபத்தோடேயே மேலே படி. படித்து முடித்ததும், உன் தெருவில் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற மற்ற ஆயாமாருக்கும் படித்துக் காட்டு. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

உன் கடிதத்தில் துரைசானி பேசியதை அப்படியே தமிழ் எழுத்தில் இங்கிலீஷாக எழுதி அனுப்பியிருக்கிறாய், அம்மாவுக்குப் புரியும் என்று. புரிந்தது. ‘யூ வில் பி பேக் இன் நோ டைம், ஆயா’ என்றாளாம். கண்ணை மூடித் திறப்பதற்குள் திரும்பி வந்துவிடுவாய் என்கிறாள். திரும்புகிற கப்பல் சீட்டைப் பற்றிக் கேட்டதற்கு, ‘வீ ஷல் ஸீ அபௌட் தட் வென் தி டைம் கம்ஸ்’ என்றாளாம். நேரம் வரும்போது அதைப் பார்க்கலாம் என்கிறாள். பெற்ற பெண் பொன்னியை என்னிடம் விட்டுவிட்டு வர வேண்டுமே என்று நீ கண் கலங்கினதற்கு, ‘ஷி வில் ஹார்ட்லி நோட்டிஸ்’ என்றாளாம். நீ இல்லாதது நாலு வயதுக் குழந்தைக்குத் தெரியக்கூடத் தெரியாதாம்! இந்த மூன்றுக்கும் கீழே நீ மை போட்டுக் கோடிழுத்து, ‘எவ்வளவு நல்ல மனசு பார்த்தியா அம்மா’ என்று எழுதியிருக்கிறாய். நல்ல மனசு இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த நல்ல மனசுக்குள்ளே நான் எத்தனை வருஷம் அடைபட்டுக் கிடந்தேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை, அதைத்தான் இப்போது சொல்ல வந்தேன்.

கரும்பு ஆலையில் உன் அப்பாவின் வலது கை நசுங்கிப்போனபோது உனக்கு நடக்கக்கூடத் தெரியாது. கரும்பைச் செக்கில் கொடுத்துக்கொண்டே யாருடனோ பேசியிருக்கிறார், கரும்போடு கையும் உள்ளே போய்விட்டது. அவர் தேறி எழுந்து, இடது கையால் சோறு சாப்பிடப் பழகி, ‘அட போடி, ஒரு கைக்கு ரெண்டு கை வேல’ என்று கிண்டல் பண்ணத் தொடங்குகிறவரைக்கும் வீட்டில் அடுப்பு எரிந்தது ஊரார் புண்ணியம். அதன் பிறகு நான்தான் வேலைக்குப் போயாக வேண்டும் என்று ஆனது. வில்லியனூரில் சித்தி வீட்டில் இருந்துகொண்டு கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். தமிழ் நன்றாக வரும், பிரெஞ்சும் நாலு பாட்டுக்கு வரும். அந்தப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு பாகூரில் என்ன செய்ய? பெண்ணையாற்றைத் தாண்டினால் கடலூர், இங்கிலீஷ்காரன் எல்லை. அங்கே ஒரு ரயில்வே இஞ்சினீர் துரை பங்களாவில் குழந்தை பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். நம் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. உன்னை இடுப்பில் வைத்திருந்த வயதில் நான் கடலூர் போய் ஆயா ஆனேன். ஊரே சிரித்தது.

எனக்கு இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது. காதால் கேட்டுக் கேட்டுப் பொறுக்கினதுதான். முதல் வாரம் பேபிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். துரைசானி வந்து நின்று ‘தட் வில் டூ, ஆயா’ என்றாள். பங்களாச் சமையற்காரர் கபூர் பாயிடம் நான் அதற்கு முன்பே ‘டூ’ என்றால் செய் என்று கேட்டு வைத்திருந்தேன். சரி, இன்னும் செய்யச் சொல்கிறாள் என்று இன்னும் வாரினேன். அவள் மறுபடி சொன்னாள், நான் இன்னும் அழுத்தி வாரினேன். பேபி வீரிட்டு அழுதது. போதும் என்பதற்கு அந்தச் சொல்லாம்! அதையே பேபியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் வாயை மூடு என்று அர்த்தமாம். என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னால் நன்றாகச் செய்தாய் என்றுகூட ஆகுமாம். இப்படித்தான் ‘நெவர் மைண்ட்’டும். கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை நான் போட்டு உடைத்தபோது துரைசானி அதைத்தான் சொன்னாள். கவலைப்படாதே என்கிறாள், தாயே, தங்கமானவள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அதன் பிறகு அந்த வாரம் முழுக்க என் முகத்தைப் பார்த்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும், ஒருமுறை உன்னைப் பங்களாவுக்கு அழைத்துப் போனேனே! ‘யூ மஸ்ட் பிரிங் யுவர் லிட்டில் கேர்ள் டு ஸீ மீ’ என்று துரைசானி சொல்லியிருந்தாள். ‘மஸ்ட்’ என்றால் கட்டாயம் என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. எஜமானி கட்டளை போட்டுவிட்டாள், கொண்டுபோய்க் காட்டாவிட்டால் வேலை போய்விடும் என்று பயந்துபோய், லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து உனக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்துப் பின்னி, புதுப் பாவாடை கட்டி, ஒரு கட்டுக் கரும்பைத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். எல்லைச் சாவடியில் இங்கிலீஷ் சிப்பாய் கரும்புக் கட்டைப் பிரித்துப்போட்டு, ‘உள்ள இன்னா ஒளிச்சு வெச்சிக்குற? பிராந்தியா?’ என்று ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்தான். முறிந்த கரும்போடு பங்களா வராந்தாவில் போய் நின்றோம். துரைசானி வெளியே வந்து உன்னையும் பார்த்தாள், கரும்பையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நாம் ஏன் வந்தோம் என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் சொன்னது வெறும் பேச்சு, அஞ்சலை; நம் ஆட்கள் வழியில் பார்த்தவர்களிடம் ‘வூட்டுக்கு வந்துட்டுப் போறது’ என்று சொல்வார்களே, அந்த மாதிரி. ஆளுக்கொரு பிஸ்கோத்துக் கொடுத்து அனுப்பினாள். வழி நெடுக நீ, ‘அந்த அம்மா எதுக்கும்மா நம்மள கூப்டாங்க?’ என்று கேட்டுக்கொண்டே வந்தாய். வாயை மூடிக்கொண்டு நட என்று உன்னை அதட்டினேன்.

என் பக்கத்துக் கூத்தையும் சொல்கிறேன். ஒரு பொங்கலுக்கு முன் துரைசானி தானாகவே வந்து, ‘ஊருக்குப் போக ஆசையா, ஆயா?’ என்று கேட்டாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் கேட்டவுடனே ஆமாம் என்று பல்லிளிக்கலாமா? சோறு போடட்டுமா என்றால்கூட முதலில் வேண்டாம் என்றுதானே நாம் சொல்வோம். இன்னொரு தரம் கேட்பார்கள், அப்போது உட்காருவோம். அந்த மரியாதையில் ‘நோ, மேடம்’ என்றேன், அடுத்த தரம் கேட்பாள் என்று காத்து நின்றேன். ‘ஹவ் ஸ்வீட் ஆஃப் யூ’ என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்! கபூர் பாய் அடுப்படியில் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் நல்லபடியாகத்தான் கேட்டாள், நானும் நல்லபடியாகத்தான் பதில் சொன்னேன், இரண்டு பேருடைய நல்லதுக்கும் நடுவில் என் பொங்கல் போய்விட்டது. அன்றைக்கு ஆற்றுக்கு இந்தப் பக்கம் மாடுகளின் மணிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு பேபிக்குக் கஞ்சி ஊட்டினேன்.

விருந்தாளிகள் வந்தால் துரைசானி என்னைக் காட்டி, ‘ஷி இஸ் ஒன் ஆஃப் தி ஃபேமிலி’ என்பாள். நம் குடும்பத்தில் ஒருத்தி. கேட்கும்போது மனசு குளிரும். கொஞ்ச காலம் கழித்துத்தான் அதன் கனம் தெரிந்தது. குடும்பத்தில் ஒருத்திக்கு லீவு எதற்கு? குடும்பத்தில் ஒருத்தி ராத்திரி பேபி கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுக்க மாட்டாளா? ஊருக்குப் போகிறேன் என்று சொல்லும்போதெல்லாம், ‘நீ இல்லாமல் நாங்கள் என்ன செய்வோம்’ என்று கையைப் பிடித்துக்கொள்வாள். திட்டியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாதா! கையைப் பிடித்துக்கொள்கிறவளிடம் என்ன சண்டை போட? கதவெல்லாம் திறந்துதான் இருந்தது. நான்தான் வெளியே போக முடியாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்லப்போவதை நீ கேட்டதில்லை. சொல்ல நீ இடம் கொடுத்ததும் இல்லை. நீ பெரிய மனுஷி ஆன சேதியை உன் அப்பாதான் கொண்டுவந்தார். பங்களாவின் பின்வாசலில், வேட்டி முனையால் மொட்டைக் கையை மூடிக்கொண்டு நின்றார். ‘நம்ம பொண்ணு ஒக்காந்துட்டா. வெள்ளிக்கெழம தலைக்குத் தண்ணி ஊத்தறாங்க. பெத்தவ நீ இல்லாம எப்பிடி? வந்துடு’ என்றார். நான் அழுதேன், சிரித்தேன், உடனே உள்ளே ஓடித் துரைசானியிடம் கேட்டேன். அவளும் சந்தோஷப்பட்டாள். என் கன்னத்தைத் தொட்டு, ‘வீ ஷல் ஸீ, ஆயா’ என்றாள். பார்க்கலாம். நான் திரும்ப ஓடி வந்து உன் அப்பாவிடம், ‘கேட்டுட்டேன், பாக்கறேன்னு சொல்லிட்டாங்க, நீ போயி ஆவற வேலையப் பாரு’ என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, மஞ்சள் புடவையை மடித்துக் கூடையில் வைத்துவிட்டு, துரைசானி கண்ணில் படுகிற மாதிரி வாசற்படி ஓரமாகப் போய் நின்றேன். நம் பக்கத்தில் பெரிய வீட்டில் ஒரு காரியம் கேட்டுவிட்டால் மறுபடி வாயைத் திறக்க மாட்டோம் அல்லவா? வாக்குக் கொடுத்தவர்களைத் திரும்பக் கேட்டால் அவர்களை நம்பவில்லை என்று ஆகிவிடும். பேசாமல் கண்ணில் படுகிற இடத்தில் நிற்போம். நாம் நிற்பதைப் பார்த்து அவர்களே ‘சரி, போ’ என்பார்கள். எந்தக் கவுண்டர் வீட்டில், எந்த ரெட்டியார் வீட்டில் போய் நின்றாலும் இது புரியும். நான் நின்றேன். துரைசானிக்கு அன்று வீட்டில் விருந்து, பெரிய பெரிய துரைமார் வருகிற நாள். அவள் போகும்போதும் வரும்போதும் என்னைப் பார்த்தாள். பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள். ஏதாவது வேலை இருக்குமோ என்று ஆயா கூப்பிடுகிற தூரத்திலேயே நிற்கிறாள், எவ்வளவு விசுவாசம் என்று நினைத்திருக்கிறாள்! ‘ஹவ் குட் யூ ஆர், ஆயா’ என்று ஒருமுறை சொல்லியும்விட்டாள்.

கபூர் பாய்க்குத் தாங்கவில்லை. கரண்டியோடு வெளியே வந்தார். ‘ஏம்மா, இன்னும் போவலியா நீ?’ என்றார். ‘பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க பாய், சொல்லுவாங்க’ என்றேன். ‘அட போம்மா! அது இல்லேன்னு சொல்ற பவுசு. நீ பொடவய எடுத்துக்குனு கெளம்பு, வந்து திட்டு வாங்கிக்கலாம்’ என்றார். எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. ‘வெள்ளக்காரங்க நம்மள மாதிரி மாத்திப் பேச மாட்டாங்க பாய், உங்களுக்கு எப்பவும் குத்தம் சொல்றதே பொழப்பு’ என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். வெயில் ஏறியது, இறங்கியது. உனக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள், புடவை கட்டியிருப்பார்கள், ஆலம் சுற்றியிருப்பார்கள் என்று நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டேன். விருந்துக்கு வந்த துரைமார் போன பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் பேபிக்குப் பால் கொடுக்கும்போது என்னையும் மீறி அழுகை வந்துவிட்டது. துரைசானி பதறிப்போய் என்னவென்று கேட்டாள், தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப் போயிற்று. ‘பட் ஆயா, யூ ஷுட் ஹேவ் செட் ஸோ!’ என்றாள். நீ சொல்லியிருக்க வேண்டாமா என்கிறாள்! நாள் முழுக்க நின்றதைவிட எப்படி இன்னும் சத்தமாகச் சொல்வது? அவள் கண்ணிலும் தண்ணீர் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவள் கெட்டவள் இல்லை, மறந்துவிட்டாள், அவ்வளவுதான். பார்க்கலாம் என்று சொன்னதே மறப்பதற்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உனக்கென்று ஒரு நீலப் பட்டு ரிப்பனைக் கொடுத்து அனுப்பினாள். நீ அதை வாங்கி ஆட்டுக்குட்டி கழுத்தில் கட்டினாய். ‘உனுக்கு வெள்ளக்காரப் புள்ளதான் புள்ள, நான் யாரு?’ என்று கேட்டாய். அதன் பிறகு கல்யாணம் வரைக்கும் நீ என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வர மனமில்லாமல் இருந்துவிட்டேன் என்று இன்றைக்கும் உன் நெஞ்சில் இருக்கிறது, எனக்குத் தெரியும். அடி பாவி, உன் பெயரைச் சொல்லிக்கொண்டே நின்றேனடி அன்றைக்கு.

உன்னைப் பெண் கேட்டு சுத்துக்கேணியிலிருந்து வந்தார்களே, நினைவிருக்கிறதா? வடை, பாயசம் எல்லாம் சாப்பிட்டுவிட்டு, ‘பாக்கலாம், சொல்லி அனுப்பறோம்’ என்று எழுந்தார்கள். அவர்கள் வண்டி ஏரிக்கரை தாண்டுவதற்குள் உன் அப்பா, ‘சரி, அடுத்த எடம் பாப்போம்’ என்றார். நமக்கு ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் வரவில்லை. அதே சொல்லை வெள்ளைக்காரி சொன்னால் மட்டும் கல்லில் வெட்டினது என்று எப்படி நம்பினேன்? அவர்கள் பேச்சு சுற்றி வளைக்காத பேச்சு, நம் ஆட்கள்தான் வழவழ கொழகொழ என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி எனக்குள்ளே அப்படி ஒரு எண்ணம். இரண்டு ஊர்க்காரர்களும் இல்லை என்பதை இல்லை என்று சொல்லக் கூசுகிறவர்கள்தான், அஞ்சலை. நமக்கு நம்முடைய கூச்சம் தெரியும், அவர்களுடையது தெரியாது. உன் துரைசானியும் கூச்சத்தில்தான் அப்படிச் சொல்லியிருப்பாள், உன்னைக் கெடுக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் லண்டனில் நடுத்தெருவில் நிற்கிறவளுக்கு அந்த வித்தியாசத்தால் என்ன லாபம்?

இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. வில்லியனூர்த் தேருக்குப் போனபோது பாக்கியம் என்று ஒருத்தியைச் சித்தி வீட்டில் பார்த்தேன். அவளும் ஆயாதான், ஒரு குடும்பத்தோடு கப்பலேறிப் போனவள். ‘யாரும் என்ன அடிக்கல அக்கா, திட்டல. கப்பல் கரைக்குப் போனதும் புள்ளய வாங்கிக்குனு, சம்திங் வில் டர்ன் அப்னு சொல்லி ரயில் டேசன்ல வுட்டுட்டுப் போயிட்டாங்க. ஏதோ வரும்னு அர்த்தமாம். இன்னா வரும்னு நானும் பாத்துக்குனு ஒக்காந்துக்குனு இருந்தேன்’ என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்த ஊரில் அவளைப் போல விடப்பட்ட ஆயாமார் தங்கியிருக்கிற ஒரு வீடு இருக்கிறதாம். இந்தியாவுக்குப் போகிற வேறொரு துரைசானி குழந்தை பார்க்க ஆள் தேடி வருகிறவரை அங்கே காத்துக் கிடக்க வேண்டும். இவளுக்கு அப்படி ஒருத்தி வருஷங்கள் கழித்துத்தான் வந்தாள். ஊர் வந்து சேர்ந்தபோது இவள் பெற்ற பெண் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, யார் அது என்று கேட்டதாம்.

மேரி குமாஸ்தா உன் பத்திரத்தில் முத்திரை குத்தும்போது எதற்கு என்று கேட்டான், சொன்னேன். ‘லண்டனுக்கா? பிரெஞ்சுக்காரன் பிரஜை, இங்கிலீஷ்காரன் ஊர்ல மாட்டிக்குனா எந்தத் தொர வந்து கேப்பான்மா?’ என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். வீட்டுக்கு வந்ததும் பத்திரத்தைப் பானைக்குள் போட்டேன். அடைத்துவைத்துவிட்டால் நீ போக முடியாது, கப்பல் உன்னை விட்டுவிட்டுப் போய்விடும், பிறகு இரண்டு நாள் அழுவாய், அத்தோடு சரி என்று கணக்குப் போட்டேன். போகாதே என்று எழுதினால் நீ சண்டைக்கு வருவாய். ‘பார்க்கலாம்’ என்று எழுதினால் சண்டையே இல்லை, பார்.

உன் அப்பா நேற்று கேட்டார், ‘அவளுக்கு இன்னா எழுதன?’ என்று. ‘பாக்கலாம்னு போட்டுட்டேன்’ என்றேன். ‘பலே. நல்லா தொரசானி கணக்காத்தான் பேசற’ என்றார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனேன். நீ சென்னைப்பட்டணத்தில் தினமும் தபால்காரனை எதிர்பார்த்து நிற்பாய். உன்னைத் திரும்பக் கேட்க விடாமல் நல்ல வார்த்தையால் கட்டிப்போட்டு வைத்திருக்கிறேன். நான் நின்ற இடத்திலேயே உன்னையும் நிறுத்தியிருக்கிறேன், அதுவும் பெற்ற தாய். இன்று காலையில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். உன் அப்பா எட்டிப் பார்த்து, ‘எம்மாந்நேரம் எழுதுவ? ரெண்டு கை இருக்குதுன்னு திமிரு’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

ஆகவே கேள். போகாதே. நீ போவதில் எனக்கு இஷ்டம் இல்லை. துளிக்கூட இல்லை. உன் புருஷன் வாந்திபேதியில் போனதிலிருந்து உனக்கு இந்த ஊரும் வீடும் மூச்சு முட்டுகிறது, எங்கேயாவது தூரமாகப் போனால் தேவலை என்று இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. புரிந்துதான் சொல்கிறேன், போகாதே. இதற்கு மேல் இதில் வேறு அர்த்தம் தேட வேண்டாம். பத்திரத்தை இதோடு வைத்து அனுப்புகிறேன். அது உன்னுடையது, அதைப் பூட்டி வைக்க எனக்கு உரிமை இல்லை. நீ போனால் திட்டுவேன், ஆனால் பொன்னியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வேன்.

போவதென்று முடிவு செய்தால் ஒன்று செய். துரைசானி வாசலில் போய் நிற்காதே. நேரே உள்ளே போய், அவள் கண்ணைப் பார்த்துக் கேள்: ‘மேடம், மை ரிட்டன் டிக்கெட், இன் மை ஹாண்ட், யெஸ் ஆர் நோ?’ இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, இருந்தாலும் பரவாயில்லை. அவள் யெஸ் என்று சொல்லிச் சீட்டைக் கையில் வைத்தால் போ. ஆஃப் கோர்ஸ் என்று தொடங்கினாலும், டோண்ட் வொரி என்று கையைப் பிடித்துக்கொண்டாலும், உன்னை எங்கள் பெண் மாதிரி நினைக்கிறோம் என்று கண் கலங்கினாலும், இல்லை என்று எடுத்துக்கொண்டு மூட்டையைக் கட்டு. இந்த ஒன்றைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உனக்கு வரும். நீ ரிப்பனை ஆட்டுக்குக் கட்டினவள்.

பொன்னி தினமும், ‘அம்மா எப்ப வருவா?’ என்று கேட்கிறாள். வருவாள், பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், வாசலுக்கு ஓடிப் போய் உட்கார்ந்துகொள்வாள், சோறு ஆறிப்போகும். இந்தக் கடிதத்தை எழுதுகிற நடுவில் இன்றைக்கும் வந்து கேட்டாள். இனி அந்தச் சொல் என் வாயில் வராது என்று ஆகிவிட்டது. ‘தெரியல கண்ணு. வந்தாலும் வருவா, ரொம்ப நாள் வராமலும் இருப்பா’ என்றேன். என்னை அடித்தாள், புரண்டு புரண்டு அழுதாள். பிறகு தானே எழுந்து வந்து சோறு கேட்டு, முழுவதும் சாப்பிட்டாள். சற்று முன் தெருவில் ஒரு வண்டி போயிற்று. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கோழிக்குஞ்சை விரட்டிக்கொண்டு கொல்லைக்கு ஓடிவிட்டாள். வாசலுக்கு ஓடிப் போய்ப் பார்த்தது நான்தான், அஞ்சலை.

அம்மா